புண்ணியத்துக்கு ஒரு பேரேடு: 67 நாள் பழகிய பின் இரண்டு நட்சத்திரம்

கணக்கெழுதுவது என் தொழில். பற்று, வரவு, இருப்பு என்ற மூன்று சொல்லுக்குள்ளேயே இருபது வருஷம் ஓடிவிட்டது. அதனால் பிரார்த்தனையையும் நற்செயலையும் எண்ணித் தருகிற செயலி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், சிரித்துக்கொண்டேதான் என்றாலும், அன்றைக்கே இறக்கிக்கொண்டேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. என் சண்டை பாதி செயலியோடு, பாதி என்னோடு.

முதலில் உங்கள் மதத்தைக் கேட்கும். 'எதுவும் இல்லை' என்றும் சொல்லலாம். பிறகு தினமும் எத்தனை நிமிடம் பிரார்த்தனை செய்தீர்கள், என்ன நல்ல காரியம் செய்தீர்கள் என்று பதிய வேண்டும். பதிந்ததும் 'டிங்' என்று மணி அடித்துப் புள்ளி ஏறும். ஒரு நாளும் விடாமல் பதிந்தால் தொடர் நாள் கணக்கு கூடிக்கொண்டே போகும், விட்டால் பூஜ்யம். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டால் யார் முந்தியிருக்கிறார் என்று பட்டியலும் உண்டு. எழுத்து பெரிதாக இருக்கிறது, பேட்டரியைத் தின்னவில்லை, விளம்பரம் இல்லை. இந்த மட்டில் குறை ஒன்றுமில்லை.

ஒளிப்பானேன், முதல் சில வாரம் நன்றாகவே இருந்தது. அக்காவோடு பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது. சண்டையெல்லாம் இல்லை, சோம்பல்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் 'உறவினர் ஒருவரிடம் பேசுங்கள், 10 புள்ளி' என்று செயலி நினைவூட்டியது. கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பேசினாள். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டேன். மூன்றாம் ஞாயிறு, மறந்துவிடக் கூடாதே என்று அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பதிந்துவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது பத்துப் புள்ளி, அவளுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். என் நோக்கம் அழுக்கு என்பதற்காக அந்த நாற்பது நிமிடத்தை எந்தத் தணிக்கையாளரும் தள்ளுபடி செய்ய முடியாது. மேலே போட்டிருக்கும் இரண்டு நட்சத்திரமும் அந்த ஞாயிறுகளுக்குத்தான்.

இதற்கு நடுவிலேயே புத்தி கோணத் தொடங்கிவிட்டது. ஒரு காத்திருப்பு அறையில் பெரியவர் ஒருவருக்கு எழுந்து இடம் கொடுத்தேன். ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கையில் கனமான பை. உட்காரத் தடுமாறிக்கொண்டிருந்தார். நானோ போனை எடுத்து, 'முதியவருக்கு இடம் கொடுத்தல்' எந்த வரிசையில் வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். டிங். "தம்பி, இந்தப் பையக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?" என்றார். அவர் அதை இரண்டாம் முறையாகக் கேட்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

இன்னொரு நாள் இரவு 11.50. அன்றைக்கு எதுவும் பதியவில்லை. 29 நாள் தொடர் பத்து நிமிடத்தில் போகப் போகிறது. நல்லது செய்யலாம் என்றால் விழித்திருக்கிற ஆள் யாரும் வீட்டில் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அதையும் 'குடும்பத்தாருக்குப் பணிவிடை' என்று பதிந்தேன். டிங்.

பிரார்த்தனைப் பகுதி இன்னும் அப்பட்டம். வேண்டுதலை எழுதி வைத்தால் சில நாள் கழித்து 'கிடைத்ததா?' என்று கேட்கும். ஆம், இல்லை, காத்திருக்கிறேன் என்று மூன்று பொத்தான். என் தொழிலில் இதற்கு வரவேண்டிய பாக்கி என்று பெயர். ஒரு நாள் என் பட்டியலை உட்கார்ந்து படித்தேன். ஏழு வேண்டுதல், ஏழும் எனக்கு.

"பக்தியே பேரம்தானே, இதில் என்ன அதிசயம்" என்பீர்கள். பேரம்தான் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்தவர் பாஸ்கல், பிரெஞ்சுக் கணித மேதை. கடவுள் இருந்து நீயும் நம்பியிருந்தால் எல்லையில்லாத லாபம், இல்லாமல் போனாலும் நட்டம் சொற்பம், ஆகவே இருக்கிறார் என்ற பக்கம் பந்தயம் கட்டு என்றார். அவர் இறந்து 8 வருஷம் கழித்து, 1670ல் அச்சான குறிப்புகளில் இருக்கிறது. கேட்டதும் கூசும். ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. நம்பத்தான் முடியவில்லையா, நம்புகிறவர்கள் செய்வதையெல்லாம் செய்துகொண்டு வா, நம்பிக்கை பின்னாலேயே வரும் என்கிறார். ஆசையில் உள்ளே நுழைகிறவனைப் பழக்கம் மாற்றிவிடும் என்பது கணக்கு. இந்தச் செயலிக்காக யாராவது வாதாட வேண்டுமென்றால் இதைவிட நல்ல வாதம் கிடைக்காது. ஐந்தாம் ஞாயிறு, நினைவூட்டல் வருமுன்பே என் கை போனை எடுத்தது, அக்காவைக் கூப்பிட.

பெரியவரிடம் ஏன் அது பலிக்கவில்லை? இதற்கு எனக்குக் கிடைத்த விடை ஒரு பழைய சோதனையில் இருந்தது. 1973ல் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கிற மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். சிலர் பேசவேண்டிய பொருளே நல்ல சமாரியன் கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவனின் கதை. போகிற வழியில், வாசற்படியோரம் ஒருவர் சுருண்டு இருமிக்கொண்டிருப்பதுபோல் ஏற்பாடு. அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். மதத்தை ஒரு பயனுக்காகப் பிடித்திருக்கிறாரா, மதத்துக்காகவே பிடித்திருக்கிறாரா என்றும் அளந்திருந்தார்கள். யார் நிற்பார் என்பதை அது காட்டிக்கொடுக்கவில்லை. கடிகாரம்தான் காட்டிக்கொடுத்தது.

என் கதையும் அதுதான். மனதில் ஆசை இருந்ததைப் பற்றி இப்போது எனக்குப் பெரிய கவலை இல்லை, அது எவரிடம்தான் இல்லை. பெரியவரின் பை தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் என் கண் திரையில் இருந்தது. செயலியின் கோளாறு என்று நான் சொல்வது இதைத்தான். ஆளைப் பார்க்க வேண்டிய அந்த நொடியில் போனைப் பார்க்க வைக்கிறது.

இனி புகார். 64ஆம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் மயங்கி விழுந்தார். பிள்ளைகள் வெளியூரில். அவர்கள் வந்து சேரும்வரை மூன்று நாள் மருத்துவமனையில் நான்தான் கூட இருந்தேன். மாத்திரை நேரத்தைக் குறித்து வைத்தது, இரவில் அவர் பயந்து கையைப் பிடித்தபோது விடாமல் இருந்தது, இவ்வளவுதான் நான் செய்தது. போன் பைக்குள் செத்துக் கிடந்தது. நான்காம் நாள் வீட்டுக்கு வந்து, நான் யோக்கியனில்லை, முதல் வேலையாகச் செயலியைத்தான் திறந்தேன். தொடர்: 0. நான் உருப்படியாக இருந்த மூன்று நாளும் வெற்றுக் கட்டம். மனைவியை எழுப்பிய இரவுக்குப் பச்சை டிக்.

வாடிக்கையாளர் உதவிக்கு எழுதினேன். பதில் சீக்கிரமே வந்தது, மரியாதையாகவும் இருந்தது. 'தொடர் மீட்பு' வாங்கிக்கொள்ளலாமாம். பணம் கட்டினால் விடுபட்ட கட்டங்கள் பச்சையாகிவிடும். பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் என்று சொல்லித் திருச்சபைச் சீட்டுகளை விற்றதை எதிர்த்து 1517ல் ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர் 95 வாதங்களை எழுதினார். நான் ஒற்றை நட்சத்திரம் போடலாமா என்று யோசித்தேன்.

அன்றிரவு புறநானூற்றின் 134ஆம் பாட்டு ஞாபகம் வந்தது. ஆய் அண்டிரனின் கொடையைப் பற்றி முடமோசியார் பாடியது. 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்.' இங்கே செய்தால் அங்கே கிடைக்கும் என்று அறத்தை விலைபேசுகிற வியாபாரி இல்லையாம் அவன். பள்ளியில் படித்தபோது இந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டோம். எனக்கு இப்போது பிடிக்கிறது அடுத்த வரிதான்: பிறகு ஏன் கொடுத்தான்? 'பிறரும் சான்றோர் சென்ற நெறியென.' நல்லவர்கள் நடந்து போன பாதை, அவனும் அதிலே போனான். அவனுடைய தூய உள்ளத்தைப் பற்றியெல்லாம் புலவர் பேசவே இல்லை. பழக்கம் என்று சொன்ன பாஸ்கலும் இவரும் சந்தித்திருந்தால் பேச நிறைய இருந்திருக்கும். பாக்கிப் பட்டியலை மட்டும் முடமோசியார் கிழித்துப் போட்டிருப்பார்.

யாருக்கு இது உதவும்? நல்ல காரியத்தை மறந்து மறந்து போகிறவர்கள், நினைவூட்டலை மட்டும் வைத்துக்கொண்டு புள்ளி, தொடர், பட்டியல், மணி எல்லாவற்றையும் அணைத்துவிட்டால், ஒருவேளை. மணியை அணைக்கிற வழி அமைப்புகளில் நான்கு அடுக்கு உள்ளே இருக்கிறது. நான் அதைக் கண்டுபிடித்தது 67ஆம் நாள், செயலியை நீக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு.

அதற்கடுத்த ஞாயிறு அக்காவைக் கூப்பிட மறந்தே போனேன். சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"என்னடா, இந்த வாரம் மணி அடிக்கலையா?"