முன்னாள் படைவீரர் மனநல கிளினிக்: மருந்து எழுதுவதற்கு முன் பேசுகிறார்கள்

என் கணவர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட கனவு, தூக்கமின்மை, திடீர்க் கோபம் என்று அவதிப்பட்டு, பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு) என்று உறுதியான பிறகு இரண்டு இடங்களில் பார்த்தோம். இரண்டாவதாகப் போன கிளினிக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் முதல் இடத்தைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும்.

அங்கே குளோனாசெபாம் எழுதினார்கள். தூக்கத்துக்கு என்றார்கள், ஒரு படிவத்தை நீட்டினார்கள், அவ்வளவுதான். பழகிப்போகும், சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்று யாரும் வாய் திறக்கவில்லை. முதுகுவலிக்கு டிரமடால் சாப்பிடுகிறாரா என்றும் கேட்கவில்லை. இந்த இரண்டு வகை மருந்தும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இலேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறது. படிவத்தில் கையெழுத்து அவருடையதுதான். அதைச் சம்மதம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இங்கே டாக்டர் முதலில் வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மேஜையில் வைக்கச் சொன்னார். டிரமடாலைப் பார்த்ததும் நிறுத்திப் பேசினார். குளோனாசெபாமைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார். பி.டி.எஸ்.டி.க்குக் கொடுக்கும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தோடு டிரமடால் சேர்ந்தாலும் தொல்லை வரலாம் என்பதால் வலி மருந்தை மாற்றுவது பற்றி முதலில் முடிவு செய்வோம் என்றார்.

அப்புறம்தான் செர்ட்ராலின் பேச்சு வந்தது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஆரம்பத்தில் வயிற்றுப் பிரட்டலும் படபடப்பும் வரலாம், தானாக நிறுத்தக் கூடாது. மருந்தே வேண்டாம் என்றாலும் அதிர்ச்சி நினைவுகளை நேரடியாகக் கையாளும் பேச்சு சிகிச்சை இருக்கிறது என்றும் சொன்னார். அமெரிக்கப் படைவீரர்களுக்கான 2023 வழிகாட்டுதல் மருந்தைவிட அதைத்தான் முன்னால் வைக்கிறதாம். கனவுக்குப் பிரசோசின் என்று ஒன்று உண்டு. உண்மையில் அது ரத்த அழுத்த மருந்து. எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் முன்னாள் படைவீரர்களிடமே நடத்தி 2018இல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் என் கணவர் "சரி சார்" என்றே தலையாட்டினார். மேலிருந்து ஒருவர் சொன்னால் அப்படித்தான், படையில் ஊறிய பழக்கம். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "நீங்கள் மறுத்தாலும் இங்கே சிகிச்சை நிற்காது. நான் சொன்னதில் எது உங்களுக்குப் பிடிக்கவில்லை, அதைச் சொல்லுங்கள்" என்றார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு இவர், "கனவுக்கான மாத்திரை வேண்டாம். அதற்கு அந்தப் பேச்சு சிகிச்சையை முதலில் பார்க்கிறேன்" என்றார். டாக்டர் அதை அப்படியே குறிப்பில் எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு டாக்டரிடம் இவர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

குறையும் இருக்கிறது. செர்ட்ராலினால் தாம்பத்திய உறவில் சிரமம் வரலாம் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். பலருக்கு வருவது அது. கூச்சப்பட்டு விட்டுவிட்டால், ஆண்கள் காரணம் தெரியாமல் தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடுவார்கள். படிவத்தின் எழுத்தும் மிகப் பொடி. டோஸ் கூட்டும்போது மறுபடி விளக்கிச் சம்மதம் கேட்கும் வழக்கம் இருக்கிறதா என்று வரவேற்பில் விசாரித்தேன். டாக்டரைப் பொறுத்தது என்றார்கள். அது டாக்டரைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது, கிளினிக்கின் விதியாகவே எழுதி வையுங்கள்.

ஐந்துக்கு நான்கு. போகிறவர்கள் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, வீட்டு ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.