திருகோணமலையில் பொம்மைகளைப் பொதி கட்டக் கொடுக்கிறீர்களா? முதலில் இதை வாசியுங்கள்

வீட்டுச் சாமான்களைப் பொதி கட்டி, தங்கள் களஞ்சியத்திலேயே மாதக் கணக்கில் வைத்துத் தரும் நகரத்து இடமொன்றில் சித்திரைக் கடைசியில் 14 பொம்மைகளை ஒப்படைத்தோம். ரெசின் (வார்ப்புப் பிசின்) 6, பிவிசி (ஒருவகைப் பிளாஸ்டிக்) 5, கொலுவுக்கு வைக்கும் மண் பொம்மை 3. நவராத்திரிக்காகத் திருப்பி எடுத்தபோது 9 பழுது. ஒன்றும் உடையவில்லை. அதைக் காட்டித்தான் நட்டஈடு தர மறுக்கிறார்கள். வர்ணம் தீட்டிய பொம்மைக்கு வர்ணம் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

அவர்கள் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். எங்கே கொடுத்தாலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

ரெசின் பொம்மைகளில் பபிள் ராப்பை நேரே வர்ணத்தின் மேல், குமிழ்ப் பக்கம் உள்ளே இருக்கச் சுற்றியிருந்தார்கள். களஞ்சியத்துக்குத் தகரக் கூரை. சோளகம் வீசும் மாதங்களில் இங்கே வெளியிலேயே 35 பாகையைத் தாண்டும். தகரத்துக்குக் கீழே சொல்லத் தேவையில்லை. சூட்டில் வார்னிஷ் இளகும், இறுக்கிச் சுற்றிய குமிழ் அதில் பதியும். நான்கு பொம்மைகளின் கன்னத்திலும் தோளிலும் வட்ட வட்டமாகத் தழும்பு. துடைத்தால் போகாது. மேற்பூச்சை எடுத்துவிட்டுத் திரும்பப் பூசுவதுதான் வழி.

பிவிசி பொம்மைகளை ரெஜிபோமில் (தெர்மோகோல்) குழி வெட்டி நேரே இறக்கியிருந்தார்கள். இதுதான் ஆகப் பெரிய பிழை. பிவிசியை மென்மையாக வைத்திருக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல மெல்ல வெளியே கசியும். அது ரெஜிபோமைக் கரைக்கும். மூன்று பொம்மைகளின் முதுகில் வெள்ளைத் துகள் உருகி ஒட்டியிருக்கிறது. போதாததற்குப் பூச்சி வராமலிருக்க நப்தலின் உருண்டையும் போட்டிருந்தார்கள். அதன் ஆவியும் ரெஜிபோமை இளக்கும், சில வர்ணங்களையும் கெடுக்கும்.

மண் பொம்மைகளுக்குப் பழைய பத்திரிகை. இரண்டு பொம்மைகளில் மை ஏறிவிட்டது. ஒன்றின் வெள்ளைச் சேலையில் மரண அறிவித்தலின் எழுத்துகள் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் பதிந்து கிடக்கின்றன. இந்தப் பொம்மைகளின் வர்ணம் பெரும்பாலும் தண்ணீரில் கரையும். ஈரத்துணி வைத்தால் மையோடு சேலையும் போய்விடும்.

சரியான முறை கடினமில்லை. மென்மையான தூரிகையால் தூசி தட்டி, கழற்றக்கூடிய வாள், வேல், கைகளைத் தனியே எடுங்கள். வர்ணத்தைத் தொடுவது அமிலமில்லாத வெள்ளை டிஷூக் கடதாசியாக மட்டும் இருக்கட்டும். கைக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள வெளியை முதலில் அதே கடதாசியைக் கசக்கி நிரப்பி, பிறகு தளர்வாக மூன்று சுற்று. கடதாசி கிடைக்காவிட்டால் கஞ்சி போடாத, பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி நல்லது. ஆனால் மெல்லிய விரல்கள் நூலில் மாட்டாமல் பாருங்கள். அதற்கு மேல்தான் பபிள் ராப், குமிழ் வெளிப்பக்கம். டேப் பொம்மையில் படவே கூடாது. பெட்டியில் ஆறு பக்கமும் 5 சென்ரிமீற்றராவது மெத்தை வேண்டும். மூடி மெல்ல ஆட்டினால் உள்ளே ஒன்றும் அசையக் கூடாது. எனாமல் புதிதாகப் பூசியது என்றால் குறைந்தது மூன்று வாரம் காயவிடாமல் சுற்றவே வேண்டாம்.

வைக்கும் இடத்தைப் பற்றிச் சொன்னால், மண்ணையும் ரெசினையும் இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மட்டைப்பெட்டியில் ஜெல் போட்டுப் பயனில்லை, வாடை மழையில் சில நாளிலேயே ஊறிவிடும். பிவிசிக்கு நேர்மாறு: காற்றுப் புகாமல் அடைத்தால் கசிந்தது உள்ளேயே தங்கிப் பிசுபிசுக்கும். அதை மட்டைப்பெட்டியில், நிமிர்த்தி, மேலே பாரம் ஏற்றாமல் வைத்து இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை திறந்துவிடுங்கள். எதுவானாலும் நிலத்தில் வேண்டாம், கூரைக்கு அடியிலும் வேண்டாம். வெளிச்சுவரில் ஒட்டாத அலுமாரித் தட்டுப் போதும்.

ஏற்கனவே பிசுபிசுத்த பிவிசியை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையாகத் தேய்த்து, நிழலில் உலர்த்தலாம். தின்னரும் ஸ்பிரிட்டும் தொடவே வேண்டாம்.

ஒப்படைக்கும் நாளில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். எந்தப் பொருளால் சுற்றுவார்கள், எந்தக் கூரையின் கீழ் வைப்பார்கள் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எங்கள் சீட்டில் “பாதுகாப்பான பொதி” என்ற இரண்டு சொல்தான் இருந்தது. வாதாட அது போதவில்லை. நுகர்வோர் விவகார அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பெட்டியைத் திறக்காமல் வீட்டில் வைத்திருந்தால் அந்தக் காலம் ஓடிவிடும், ஆகவே எடுத்த அன்றே, அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள்.