சந்து வீடா, ஹவுசிங் போர்டு மாடியா? நோய் எங்கே சுலபமாகப் பரவும்?

வட சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் வீடு பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டே வழி: சந்துக்குள் தரைவீடு, இல்லையென்றால் அடுக்குமாடி.

தரைவீட்டில் முதல் தலைவலி தண்ணீர். குழாயிலோ லாரியிலோ வரும்போது குடத்திலும் ட்ரம்மிலும் பிடித்து வைத்தாக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. இப்படித் தேக்கிய நல்ல தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ட்ரம்மைக் கவிழ்த்தால் மட்டும் பத்தாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அங்கே ஒட்டிய முட்டை காய்ந்துபோயும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை வெள்ளத்தில் எலி மூத்திரம் கலந்தால் எலிக்காய்ச்சல். குடிதண்ணீரில் கழிவுநீர் கலந்தால் வாந்திபேதி. (1992-இல் ஓ139 என்ற புதுவகைக் காலரா கிருமி முதலில் தலைகாட்டியதே இந்த மெட்ராஸில்தான்.)

மாடிக்குப் போனால் வெள்ளம் கீழேயே நின்றுவிடும். கொசு நிற்காது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சி, மூடாத மொட்டைமாடித் தொட்டியில் சுகமாக வளரும்.

காசநோய் காற்றில் பரவுவது. மாடியில் ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் சுவர், காற்றோட்டம் இருக்காது. உள்ளே ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கை என்றால், புதுக் கட்டடம் என்பதால் மட்டும் எதுவும் மாறாது. சந்து வீட்டிலும் இதே கதைதான்.

என் ஓட்டு மாடிக்கு. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் மொட்டைமாடி ஏறித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.