மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்: எங்கே கை கொடுக்கிறது, எங்கே வழுக்குகிறது

காயம்பட்டவருக்கு இந்தத் தீர்ப்பாயத்தில் பெரிய ஆறுதல், நிரூபிக்க வேண்டிய அளவு குறைவு. குற்ற வழக்குபோல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டாம். இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166-ன் கீழ் இரண்டு இணைப்புகளைக் காட்ட வேண்டும்: ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து, அந்த விபத்தால் இந்தக் காயம். வழக்கு பெரும்பாலும் சறுக்குவது மருத்துவமனை ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலில். பதற்றத்தில் யாரோ சொன்னதை வைத்து ‘பைக்கிலிருந்து தானாக விழுந்தார்’ என்று ஒரு வரி ஏறிவிட்டால், இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் பிடிப்பது அதைத்தான். எந்த வண்டி, எங்கே மோதியது என்பதை அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். மாதங்கள் கழித்து இறந்தால், இடைப்பட்ட சிகிச்சைச் சீட்டுகளும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் மரணத்தை விபத்தோடு சேர்ப்பது மிகக் கடினம்.

பைக்கில் மூவர் போனதாலேயே தொகையைக் குறைக்க முடியாது. அதற்கும் மோதலுக்கும் தொடர்பு காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. நியாயமான பார்வை.

கவனக்குறைவைக் காட்டவே முடியாதா? பிரிவு 164 இருக்கிறது: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். ஆனால் சம்பாதிக்கும் இளைஞர் ஒருவரின் இழப்புக்கு அது மிகக் குறைவு.