பேஸ்பால் ரெஃபரன்ஸ்: பிட்சர்களை ஒப்பிட உதவும் தளம் எந்த அளவுக்கு நம்பத்தக்கது?

பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர்களில் வால்டர் ஜான்சன் சிறந்தவரா, பெட்ரோ மார்ட்டினெஸ் சிறந்தவரா என்று வழக்காடுபவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளம்தான். 2000இல் ஷான் ஃபோர்மன் தொடங்கிய இத்தளத்தில் வீரர்களின் பக்கங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை; நிபந்தனைகள் இட்டுச் சலித்துத் தேடும் ஸ்டாட்ஹெட் பகுதிக்குத்தான் சந்தா.

பிட்சர்களை ஒப்பிட அட்டவணையில் நான் முதலில் பார்ப்பது ஈ.ஆர்.ஏ. பிளஸ் என்ற எண். ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைத் தள்ளிவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு (பேஸ்பாலில் ஒரு முழு ஆட்டத்தின் வழக்கமான அளவு) ஒருவர் கொடுத்த ரன்களின் சராசரியே ஈ.ஆர்.ஏ.; கிரிக்கெட் பந்துவீச்சுச் சராசரியைப் போலவே இதுவும் குறையக் குறையச் சிறப்பு. அதை அந்த ஆண்டின் லீக் சராசரியோடும் மைதானத்தின் தன்மையோடும் ஒப்பிட்டு, சராசரி பிட்சருக்கு 100 என்று வைத்துக் கணக்கிட்டால் பிளஸ் கிடைக்கும்; இது கூடக் கூடச் சிறப்பு.

இதன் அருமை ஓர் எடுத்துக்காட்டில் விளங்கும். 1968இல் பாப் கிப்சனின் ஈ.ஆர்.ஏ. 1.12, 2000இல் மார்ட்டினெஸுடையது 1.74. மேலோட்டமாகப் பார்த்தால் கிப்சனே முந்துகிறார். ஆனால் அமெரிக்காவின் முதன்மைப் போட்டியான மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் அவர் ஆடிய நேஷனல் லீக்கில் அவ்வாண்டு சராசரியே 3ஐ எட்டவில்லை. மட்டை பிடித்தவர்கள் அவ்வளவு திணறியதால், அடுத்த ஆண்டே பிட்சர் நின்று வீசும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். மார்ட்டினெஸோ ஹோம் ரன்கள் மழையாகப் பொழிந்த மற்றொரு பிரிவான அமெரிக்கன் லீக்கில், 4.91 என்ற சராசரிக்கு நடுவே நின்று வீசினார். அவருக்கு அடுத்து வந்த ரோஜர் கிளெமன்ஸின் ஈ.ஆர்.ஏ. 3.70. பிளஸ் கணக்கில் கிப்சனுக்கு 258, மார்ட்டினெஸுக்கு 291.

ஆயினும் இந்த எண் சொல்வது சமகாலத்தவரை ஒருவர் எவ்வளவு விஞ்சினார் என்பதை மட்டுமே. அவர் சுமந்த பாரத்தை அது சொல்வதில்லை. 1880இல் டிம் கீஃப் பெற்ற 293, மார்ட்டினெஸையும் மிஞ்சுகிறது. ஆனால் அவர் வீசியது 105 இன்னிங்ஸ் மட்டுமே, அதுவும் இன்றைய 60 அடி 6 அங்குலத்துக்குப் பதிலாக 45 அடி தூரத்திலிருந்து. ஆகவே இன்னிங்ஸ் எண்ணிக்கையைப் பார்க்காமல் யாருக்கும் மகுடம் சூட்டக் கூடாது. ஜான்சன் தம் வாழ்நாளில் 5,900க்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் வீசி 147 பெற்றார். மார்ட்டினெஸ் அதில் பாதிக்கும் குறைவாக வீசி 154 பெற்றார். ஒரே பருவம் என்றால் என் வாக்கு மார்ட்டினெஸுக்கு. முழு வாழ்க்கை என்றால் தயங்காமல் ஜான்சனுக்கு.

2021இல், மேஜர் லீக்கில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்கள் ஆடிய நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் கணக்கோடு சேர்த்தது இத்தளம் செய்த நற்செயல். 1948இல் 42 வயதில் மேஜர் லீக் அணியான கிளீவ்லேண்டுக்கு ஆட வந்த பிட்சர் சாட்செல் பேஜின் கணக்கு இப்போது 1927இலிருந்தே தொடங்குகிறது. ஆனால் அவர் ஊர் ஊராகச் சென்று வீசிய காட்சி ஆட்டங்களுக்கு அதில் இடமில்லை.