ஒரு அண்டெனா, எட்டு வீடு: முறுக்கா, ஸ்பிளிட்டரா, டேப்பா?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா மாதிரி தோட்டப் பட்டணத்தில் எட்டு வீட்டு லயம் (தொழிலாளர் வரிசை வீடு) ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நின்றபின் வீட்டுக்கு ஒரு டிகோடர் வந்துவிட்டது. அண்டெனாவை மட்டும் செம்பனை உச்சிக்கு மேல் தூக்கி நிறுத்தியாக வேண்டும் என்பதால், ஒரே கம்பம் நட்டு எல்லாருக்கும் கேபிள் பிரிப்பதுதான் கட்டுப்படியாகும். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் தகராறு.

முதல் வழி, கரண்டு ஒயரை ஒட்டுப்போடுவது போல நடுக்கம்பியோடு நடுக்கம்பி, வெளிவலையோடு வெளிவலை முறுக்கி ஒட்டு நாடா சுற்றுவது. அலைக்குக் கேபிள் காட்டும் தடை 75 ஓம். ஒன்று இரண்டாகப் பிரியும் இடத்தில் வரும் அலைக்குத் தெரிவது 37.5 ஓம். வோல்டேஜில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிவிடும். சக்தியில் அது 11 விழுக்காடு. மீதியில் கிளைக்கு 44 விழுக்காடு, அதாவது 3.5 டெசிபெல் இழப்பு. கடையில் விற்கும் ஸ்பிளிட்டரும் (கேபிளைப் பிரிக்கும் சிறு பெட்டி) 3.5 முதல் 4 டெசிபெல் தின்கிறது. “எனக்கு நல்லாத்தானே வருது” என்று முறுக்குக்காரர்கள் வாதாடுவதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

கோளாறு, பக்கத்து வீட்டார் டிகோடரைக் கழற்றும்போது தொடங்குகிறது. முனை திறந்து கிடக்கும் கேபிளுக்குள் போன அலை முழுசாகத் திரும்பி வரும். கேபிளின் நீளம் கால் அலைநீளத்தின் ஒற்றைப்படை மடங்காக அமையும் அலைவரிசைகளில், அந்தக் கிளை சந்திப்பில் ஷார்ட் ஆனது போலவே நடந்துகொள்ளும். ஆர்ஜி-6 என்ற வழக்கமான டிவி கேபிளில் அலை நொடிக்குச் சுமார் 25 கோடி மீட்டர் ஓடுகிறது. இப்படி முனை திறந்து கிடக்கும் வால் 10 மீட்டர் என்றால், 12.5 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு இடத்தில் அலை மெலிந்து பள்ளம் விழும். ஒரு டிஜிட்டல் தொகுப்பின் அகலமோ 8 மெகாஹெர்ட்ஸ். ஆகவே பள்ளத்திலிருந்து தப்புவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒரே தொகுப்பில் பல சேனல்கள் வருவதால் போனால் அத்தனையும் சேர்ந்து போகும்.

வால் குட்டையாக இருந்தால் பாதிப்பும் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். 10 மீட்டர் வாலில் கேபிளே போகவர 3 டெசிபெல்லுக்கு மேல் தின்றுவிடுவதால், பள்ளத்தின் அடியில் மொத்த இழப்பு சுமார் 11 டெசிபெல்லோடு நிற்கும். 3 மீட்டர் வாலில் பள்ளங்கள் 40 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்றுதான், ஆனால் ஆழம் 20 டெசிபெல்லை நெருங்கும். திறந்த முனையில் 75 ஓம் டெர்மினேட்டரை (முனையை மூடும் ரெசிஸ்டர் மூடி) மாட்டியதும் படம் திரும்பினால், கோளாறு எதிரொலிப்புதான், அண்டெனா அல்ல. கம்பத்தில் ஏறத் தேவையில்லை.

இரண்டாவது, ரெசிஸ்டர் ஸ்பிளிட்டர். 25 ஓம் ரெசிஸ்டர் மூன்றை நட்சத்திரமாகச் சேர்த்தால் (கடையில் 24 கிடைக்கும், போதும்) மூன்று பக்கமும் 75 ஓம் தெரியும். இழப்பு 6 டெசிபெல். பக்கத்து வாயிலிருந்து (வாய் என்றால் கேபிள் மாட்டும் இடம்) வருவதற்கு இருக்கும் தடுப்பும் அதே 6 டெசிபெல்தான். பாதிச் சக்தியைச் சூடாக்கித் தொலைக்கும் இதை லயத்துக்கு யோசிக்கவே வேண்டாம்.

மூன்றாவது, ஃபெரைட் வளையம் வைத்த சாதாரண ஸ்பிளிட்டர். இதன் அருமை இழப்புக் கணக்கில் இல்லை, இரண்டு வாய்களுக்கும் நடுவே இருக்கும் 150 ஓம் ரெசிஸ்டரில் இருக்கிறது. கழற்றிய வீட்டிலிருந்து திரும்பும் எதிரொலியில் பாதி அதில் கரையும், பாதி அண்டெனா பக்கம் போகும். தடுப்பு 20 டெசிபெல் என்றால் அடுத்த வீட்டுக்குக் கசிவது நூறில் ஒரு பங்கு. ஒரே வீட்டில் இரண்டு டிவிக்கு இதைவிட நல்லது கிடையாது. ஒன்றைக் கவனியுங்கள்: கம்பத்தில் அலையைப் பெருக்கும் பூஸ்டருக்குக் கேபிள் வழியாகவே கரண்டு போகிறது என்றால், கரண்டு கடத்தும் வாய் உள்ள ஸ்பிளிட்டராக வாங்குங்கள், பவர் பெட்டியை அந்த வாயில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் பூஸ்டர் செத்துக்கிடக்கும்.

எட்டு வீட்டுக்கு எட்டு வாய் ஸ்பிளிட்டர் போடலாமே? இழப்பு 11–12 டெசிபெல், சமாளிக்கலாம். கேபிள்தான் இடிக்கிறது. கம்பம் முதல் வீட்டில், வீட்டுக்கு வீடு 8 மீட்டர் என்றால் தனித்தனியாக இழுக்க 224 மீட்டர் வேண்டும். நான்காவது வழியான டேப் முறையில் ஒரே கேபிள், 56 மீட்டர். டேப் என்பது அந்தக் கேபிளின் வழியில் மாட்டும் சிறு பெட்டி; அலையில் ஒரு சிறு பங்கை மட்டும் அந்த வீட்டுக்கு எடுத்து, மீதியை அடுத்த வீட்டுக்கு விடும். அதன் டெசிபெல் எண், வீட்டுக்குப் போகும் பங்கு எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லும். (வீட்டுக்குள் போகும் நாலைந்து மீட்டர் இரண்டுக்கும் பொது.)

லயத்துக்கு டேப்தான் என் தீர்ப்பு. பூஸ்டர் 85 டெசிபெல் மைக்ரோவோல்ட் (அலையின் பலத்தை அளக்கும் அலகு) தருகிறது என்று வைப்போம். ஆர்ஜி-6, டிவி வரும் யூஎச்எஃப் அலைவரிசையில் 8 மீட்டருக்கு 1.3, டேப்பைக் கடக்க 1, ஆக வீட்டுக்கு 2.3 டெசிபெல் கழியும். முதல் மூன்று வீட்டுக்கு 20 டெசிபெல் டேப், அடுத்த இரண்டுக்கு 16, பிறகு இரண்டுக்கு 12, கடைசிக்கு 8. சிறிய எண் டேப்புகள் கடக்கும்போது 2 டெசிபெல்கூட எடுக்கும், அதையும் கழித்துப் பார்த்தாலும் எல்லா வீட்டுக்கும் 57 முதல் 65-க்குள் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே 20 வாங்கினால் கடைசி வீட்டுக்கு 49தான், மழைக்கு நிற்காது. உள்ளே, வெளியே வாய்களை மாற்றி மாட்டினாலும் அந்த வீட்டுக்குப் படம் வராது, அம்புக்குறியைப் பாருங்கள்.

50 ஓம் ஆர்ஜி-58 துண்டு கையிருப்பில் இருந்தால்? இணைப்பில் திரும்புவது 4 விழுக்காடுதான். ஆனால் அந்தக் கேபிள் மீட்டருக்கு மீட்டர் ஆர்ஜி-6-ஐவிட இரு மடங்குக்கு மேல் தின்னும். ஒதுக்குவதற்குக் காரணம் அதுதான்.

பலகைச் சுவரில் கிளிப் அடிக்கும்போது கேபிளை நசுக்காதீர்கள், இடைவெளியையும் சமமாக வைக்காதீர்கள். சரியாக 20 சென்டிமீட்டருக்கு ஒன்று நசுக்கினால் 625 மெகாஹெர்ட்ஸில் எல்லா எதிரொலியும் ஒன்றுசேர்ந்து திரும்பும்.

கடைசி டேப்பின் வெளிவாயில் 75 ஓம் டெர்மினேட்டர் கட்டாயம். அந்தக் கேபிளில் பூஸ்டருக்கான 12 வோல்ட் ஓடினால் டிசி தடுப்பு (அந்தக் கரண்டை உள்ளே விடாத அமைப்பு) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் ரெசிஸ்டர் என்றால் 1.9 வாட் அதில் இறங்கும். கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும்.