பார்வை சரியும் மாதத்தில் வந்து சேரும் ‘வளர்ச்சி ஆலோசகர்’

யூடியூபில் பாடம், பயிற்சி, தேர்வு சார்ந்த சேனல் நடத்துபவர்கள், அதிலும் தொடங்கி ஓராண்டு நிறையாதவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பார்வைகள் பாதிக்கும் கீழே போன நேரம் பார்த்து, “சேனலை மீட்டுத் தருகிறோம், 90 நாளில் உயராவிட்டால் முழுப் பணமும் வாபஸ்” என்று ஒரு நிறுவனம் வருகிறது. அந்த உத்தரவாதத்துக்குள்தான் மோசடியே ஒளிந்திருக்கிறது.

என் சேனலில் பள்ளிக் கணக்குப் பாடங்கள் நடத்துகிறேன். தேர்வுக் காலத்தில் ஏறிய பார்வைகள் தேர்வு முடிந்ததும் இறங்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். எவ்வளவு இறங்கும், எத்தனை வாரம் அங்கேயே கிடக்கும் என்பதுதான் முதல் ஆண்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கப் போன ஆண்டு என்று ஒன்று இருந்தால்தானே? சரியாக அந்த இடைவெளியில்தான் அவர்களுடைய மின்னஞ்சல் வந்தது. என் சேனலின் பார்வைக் கோடு மலையிலிருந்து உருள்வது போன்ற படம், அடியில் சிவப்பு அம்புக்குறி. பொதுவில் தெரியும் எண்ணிக்கைகளை வைத்தே இதை எவரும் வரைந்துவிடலாம்.

தொலைபேசியில் பேசியவர் மிகவும் பணிவாகப் பேசினார். “சார், உங்கள் சேனலை அல்காரிதம் ஒதுக்கி வைத்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் விட்டால் மீட்கவே முடியாது.” எந்த வீடியோவை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் யூடியூபின் கணினி முறைதான் அல்காரிதம். அதில் அப்படி ஒரு கறுப்புப் பட்டியல் இருப்பதற்கு ஆதாரம் கேட்டபோது, அது உள்வட்டத் தகவல் என்றார். பருவத்துக்குத் தக்கபடி பார்வைகள் ஏறி இறங்குவது இயல்பு என்று யூடியூபின் உதவிப் பக்கங்களே சொல்கின்றன. அவர் வாயிலிருந்து ‘பருவம்’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருந்தது இதுதான். முன்பணம் கொடுக்க வேண்டும். கையெழுத்திடும் நாளுக்கு முந்தைய 28 நாள்களின் சராசரிப் பார்வையும் வருமானமும் ‘அடிப்படை’. அடுத்த 12 மாதங்களில் அந்த அடிப்படைக்கு மேல் வரும் வருமானத்தில் 20 சதவீதம் அவர்களுக்கு. 90 நாளில் அடிப்படையைத் தாண்டாவிட்டால் முன்பணம் திரும்ப வரும். படிக்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! ஆனால் அந்த 28 நாள்கள் ஆண்டிலேயே மிகத் தாழ்ந்த நாள்கள். அதைத் தாண்டுவதற்கு எவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பள்ளி திறந்தால் போதும்.

பள்ளி திறந்தது. பார்வைகள் ஏறின. முதல் அறிக்கை வந்தது: பக்கத்துக்குப் பக்கம் பச்சை அம்புகள், ‘எங்கள் உத்தியின் பலன்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி, கடைசியில் 20 சதவீதத்துக்கான பில். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே காக்கை பில்லையும் நீட்டியது.

அந்த உத்தி என்ன என்று தேடிப் பார்த்தேன். பழைய வீடியோக்களில் சிலவற்றின் குறிச்சொல் பெட்டியில் (வீடியோ எதைப் பற்றியது என்று ‘டேக்’ சொற்களை எழுதும் இடம்) ‘கணக்கு’, ‘கணிதம்’, ‘மேத்ஸ்’ என்று வாய்க்கு வந்ததையெல்லாம் திணித்து வைத்திருந்தார்கள். வீடியோவைக் கண்டடைவதில் குறிச்சொற்களின் பங்கு மிகக் குறைவு, அடிக்கடி எழுத்துப்பிழையோடு தேடப்படும் சொற்களுக்கு மட்டும் அவை உதவலாம் என்று யூடியூபே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. சில வீடியோக்களின் முகப்புப் படத்தில் வாய் பிளந்த ஒரு முகத்தை ஒட்டியிருந்தார்கள். இருபடிச் சமன்பாட்டைப் பார்த்து யார் அப்படி வாய் பிளப்பார்களோ!

சேனல் நடத்துபவர்களுக்கு யூடியூப் தரும் ‘ஸ்டூடியோ’ பக்கத்தின் அனலிட்டிக்ஸில், அதாவது புள்ளிவிவரப் பக்கத்தில், பார்வைகள் எந்த வழியாக வந்தன என்று காட்டும் பகுதி இருக்கிறது. ஏற்றத்தில் பெரும்பங்கு யூடியூப் தேடலிலிருந்து வந்திருந்தது. அதாவது மாணவர்கள் தாங்களே பாடத்தின் பெயரைத் தட்டித் தேடி வந்திருக்கிறார்கள். அதிகம் ஏறியது முக்கோணவியல் பாடங்கள். அந்த வரிசையில் ஒரு வீடியோவைக்கூட இவர்கள் தொடவில்லை. தலைப்பு, படம், குறிச்சொல் எல்லாம் நான் ஏற்றிய அன்று இருந்தபடியே இருந்தன. இவர்கள் கைவைத்த வீடியோக்கள்தான் பின்தங்கி நின்றன.

அதன் பிறகு, ஒரு சொல்லை மக்கள் எந்தக் காலத்தில் எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸைத் திறந்தேன். அதில் வலைத் தேடலுக்குப் பதிலாக ‘யூடியூப் தேடல்’ என்று மாற்றிக்கொள்ள வழி உண்டு. 2008 முதலான போக்கு அங்கே கிடைக்கிறது. என் பாடத் தலைப்புகளைக் கொடுத்து ஐந்தாண்டுக் கோட்டைப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ அதே வாரங்களில் அதே பள்ளம், அதே மேடு. சேனலுக்கு வயது ஆகாவிட்டாலும் தலைப்புக்கு வயது உண்டு. முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. இதே பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தும் நண்பர் ஒருவர் தன் கோட்டையும் காட்டினார். பள்ளம் அச்சு அசலாகப் பொருந்தியது. அவருடைய பழைய மின்னஞ்சல்களில் அதே நிறுவனம், அதே சிவப்பு அம்பு, அதே ‘இன்னும் இரண்டு மாதம்’. அவர் பதிலே போடவில்லை.

இதையெல்லாம் அனுப்பி விளக்கம் கேட்டேன். வந்த பதிலை மறக்க முடியாது: “ஒப்பந்தத்தில் பருவம் பற்றியோ முந்தைய ஆண்டு பற்றியோ எந்த விதியும் இல்லை.” பணிவாகப் பேசியவரின் பெயர்தான் அந்தக் கடிதத்தின் அடியிலும் இருந்தது.

வருமானத்தில் நடந்தது இன்னொரு கூத்து. விளம்பரதாரர்கள் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் அதிகம் செலவிடுவார்கள், ஜனவரியில் கையை இறுக்கிக்கொள்வார்கள். அதனால் அதே எண்ணிக்கையில் பார்வை வந்தாலும் 1000 பார்வைக்குக் கிடைக்கும் தொகை டிசம்பரில் கூடும், ஜனவரியில் விழும். உலகம் முழுக்கப் படைப்பாளிகள் அறிந்த சங்கதி. டிசம்பர் உயர்வுக்கும் 20 சதவீதம் கேட்டார்கள். ஜனவரியில் விழுந்ததும், அது சேனலின் ‘புதிய நோய்’ என்று சொல்லி, தனிக் கட்டணத்தில் இன்னொரு மீட்புத் திட்டத்தை விற்க வந்தார்கள். ஏறினால் அவர்கள் திறமை, இறங்கினால் என் சேனலின் நோய்!

நான் மறுத்த பிறகும் ‘மாதிரிக்காக’ என்று அவர்களாகவே சில நாள்கள் வெளித்தளங்களிலிருந்து பார்வைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். எண்ணிக்கை குதித்தது, சராசரிப் பார்வை நேரமோ சில வினாடிகள்தான். செல்லாத பார்வைகள் என்று அந்த மாத வருமானத்தில் ஒரு பகுதியை யூடியூப் கழித்துக்கொண்டது. பார்வைகளைச் செயற்கையாகப் பெருக்குவது தளத்தின் விதிகளுக்கே எதிரானது. நடவடிக்கை வந்தால் அது என் சேனல் மீதுதான் வரும், அவர்கள் மீது வராது. 1000 சந்தாதாரர், 4000 மணிநேரப் பார்வை நேரம் என்ற வருமானத் தகுதியை எட்டக் காத்திருப்பவர்களிடம் விளம்பரம் கொடுத்து மணிநேரத்தைச் சேர்த்துத் தருவதாகவும் இத்தகையவர்கள் சொல்கிறார்கள். விளம்பரம் வழியாக வரும் பார்வை நேரம் அந்தக் கணக்கில் சேராது.

ஒரு விஷயத்தில் மட்டும் தப்பித்தேன். முதலில் கடவுச்சொல்லைக் கேட்டார்கள், பிறகு ‘மேலாளர்’ அனுமதி கேட்டார்கள். மேலாளரால் வேறு ஆள்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும். நான் ‘எடிட்டர்’ அனுமதிக்கு மேல் கொடுக்கவில்லை. அதனால் அமைப்புகளில் அனுமதிகள் பகுதிக்குப் போய் அவர்களை நீக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

முன்பணம் திரும்ப வரவில்லை. இடையில் முறித்துக்கொண்டதற்கான கட்டணம் என்று சொல்லி இன்னும் கடிதம் எழுதுகிறார்கள். ஒப்பந்த நகல், அவர்களுடைய அறிக்கைகள், டிரெண்ட்ஸ் வரைபடம் எல்லாவற்றையும் ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ஒப்பந்தம் உங்கள் கையிலும் இருந்தால், ‘அடிப்படைக் காலம்’ என்று வரும் பத்தியை எடுத்துப் பாருங்கள். அது எந்த மாதத்தில் விழுகிறது, முறித்துக்கொள்ள என்ன கேட்கிறார்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். எத்தனை பேர் மாட்டியிருக்கிறோம் என்பது தெரிந்தால் வழக்கறிஞருக்கு உதவியாக இருக்கும்.